வீடியோ ஓடி முடிந்தால் பாடம் ஏறிவிடுமா?

போன கோடை விடுமுறையில் அண்ணன் மகன் ஒரு மாதம் எங்கள் வீட்டில் இருந்தான். ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தான். ஒருநாள் மதியம் டேப்லெட்டில் பின்னங்கள் பற்றிய வீடியோ ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தான். நல்ல வீடியோதான். வட்டங்கள் வண்ண வண்ணத் துண்டுகளாகப் பிரிந்தன, பாடம் சொன்னவரின் குரலும் தெளிவாக இருந்தது. முடிந்ததும் "புரிஞ்சிடுச்சு சித்தப்பா" என்றான்.

"சரி, நாலில் ஒண்ணு பெரிசா, மூணில் ஒண்ணு பெரிசா?"

"நாலில் ஒண்ணு."

"எப்படிடா?"

"நாலுதானே பெரிசு?"

கேள்வியை மாற்றினேன். கடையில் கால் கிலோ சர்க்கரை வாங்கினால் அதிகமா, அரை கிலோ வாங்கினால் அதிகமா? பட்டென்று "அரை கிலோ" என்றான். அரை என்றால் எத்தனையில் ஒன்று? "ரெண்டில் ஒண்ணு." கால் என்றால்? "நாலில்..." என்று ஆரம்பித்தவன் பாதியிலேயே நின்றான். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் பழைய நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து இரண்டாக மடித்தான், மறுபடி மடித்தான், பிரித்துப் பார்த்தான். "நிறைய பேருக்குப் பங்கு போட்டா ஒவ்வொருத்தருக்கும் கம்மியாத்தானே வரும்!" என்றான்.

கல்வியியல் படிப்பவர்கள் தேர்வுக்காக உருப்போடும் 'கற்றல் கோட்பாடுகள்' எல்லாம் இந்தப் பத்து நிமிடத்தில் நடந்ததை விளக்கும் முயற்சிகள்தான். வீடியோ பார்த்து 'புரிந்தது' என்று அவன் நம்பியது எதனால்? கால் கிலோ சர்க்கரை ஏன் வேலை செய்தது? தாளைக் கையில் எடுக்க வேண்டும் என்று அவனுக்கு ஏன் தோன்றியது? மனிதர் ஒன்றை எப்படிக் கற்கிறார் என்பதற்குச் சோதித்துப் பார்த்துச் சொல்லும் விளக்கம்தான் கற்றல் கோட்பாடு.

பெற்றோர்களும் ஆசிரியர்களும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நான் விரும்புவதற்கு ஒரு காரணம் உண்டு. நாம் காசு கொடுத்து வாங்கும் ஒவ்வொரு கல்விச் செயலிக்குள்ளும், பள்ளியில் மாட்டும் ஒவ்வொரு திரைக்குள்ளும், 'குழந்தை இப்படித்தான் கற்கிறது' என்ற யாரோ ஒருவருடைய நம்பிக்கை ஒளிந்திருக்கிறது. அந்த நம்பிக்கை எது என்று கண்டுகொண்டால், அந்தக் கருவி எதற்கு உதவும், எங்கே கைவிடும் என்பதை ஓரளவு முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

1953 நவம்பரில் அமெரிக்க உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர் தன் இளைய மகளின் நாலாம் வகுப்புக்குப் போய்ப் பின்னால் உட்கார்ந்து கணக்குப் பாடத்தைப் பார்த்தார். சில பிள்ளைகள் சீக்கிரமே முடித்துவிட்டுச் சும்மா இருந்தார்கள். சிலர் தவறாகவே போட்டுக்கொண்டு போனார்கள். எல்லோருக்கும் ஒரே வேகம். போட்டது சரியா தவறா என்பது பிள்ளைக்கு அப்போதே தெரியவில்லை. புறாக்களையும் எலிகளையும் பழக்கிப் பல ஆண்டுகள் ஆய்வு செய்திருந்த அவருக்கு இது பொறுக்கவில்லை. ஒரு செயலுக்கு விளைவு உடனே தெரிய வேண்டும், சரியான செயல் உடனே ஊக்கம் பெற வேண்டும் என்பதுதான் அவருடைய ஆய்வின் சாரமே. இதை வலுவூட்டல் என்பார்கள். அந்தக் கொள்கைக்குப் பொதுப்பெயர் நடத்தைவாதம்.

வீட்டுக்குப் போய்ச் சில நாட்களிலேயே ஒரு கற்பிக்கும் இயந்திரத்தை உருவாக்கத் தொடங்கிவிட்டார். பிறகு அவர் செம்மைப்படுத்திய பெட்டிகளில் ஒரு சின்ன ஜன்னலில் கேள்வி வரும். பிள்ளை காகிதச் சுருளில் விடையை எழுத வேண்டும். நெம்புகோலைத் தள்ளினால் எழுதிய விடை கண்ணாடிக்கு அடியில் போய்விடும், அழித்து எழுத முடியாது. சரியான விடை அப்போது தெரியும். அடுத்த கேள்வி முந்தையதைவிடக் கொஞ்சமே கடினமாக இருக்கும். ஒவ்வொருவருக்கும் அவரவர் வேகம்.

இன்று போனில் இருக்கும் பயிற்சிச் செயலிகள் பலவற்றுக்கும் இந்தப் பெட்டிதான் தாத்தா. சரியாகச் சொன்னால் மணி அடிக்கும், நட்சத்திரம் கிடைக்கும், தொடர்ந்து வந்தால் பரிசு. ஆனால் ஸ்கின்னர் வலியுறுத்திய ஒன்றைப் பல செயலிகள் விட்டுவிட்டன. நாலு விடைகளில் ஒன்றைத் தொட்டுக் காட்டுவதை அவர் விரும்பவில்லை. பிள்ளை தானே விடையை எழுத வேண்டும் என்றார். தேர்ந்தெடுப்பது ஒரு வேலை, நினைவிலிருந்து எடுத்து எழுதுவது வேறு வேலை. இந்த ஒரு வேறுபாட்டை மட்டும் பார்த்தாலே ஒரு செயலியின் தரம் பாதி தெரிந்துவிடும்.

வாய்ப்பாடு, எழுத்துக்கூட்டல், புதுச் சொற்கள், தட்டச்சு இவற்றுக்கெல்லாம் இந்த வழி நன்றாகவே உதவுகிறது. ஆனால் அண்ணன் மகனின் பிரச்சினைக்கு இது போதாது. 'நாலில் ஒன்று பெரியது' என்று தொட்டதும் சிவப்பு விளக்கு எரிந்தால், அடுத்த தடவை 'மூன்றில் ஒன்று' என்று தொடுவான். பச்சை எரியும். 'கீழே சின்ன எண் இருந்தால் பெரிசு' என்று ஒரு விதியை அவனாகவே செய்துகொள்வான். இருபது கேள்விக்கு இருபதும் சரியாகப் போடுவான். அப்புறம் ஒருநாள் 'மூன்றில் இரண்டா, நாலில் மூன்றா, எது பெரியது' என்று கேட்டால், அதே விதியை நம்பி மூன்றில் இரண்டு என்பான். அதுவரை வந்த பச்சை விளக்குகள் அந்தத் தப்பை மறைத்தே வைத்திருக்கும்.

அடுத்தது நினைவு. ஜெர்மனிய உளவியலாளர் எப்பிங்ஹாஸ் பொருளில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறந்துபோகிறது என்று பொறுமையாக அளந்தார். முடிவுகளை 1885-இல் வெளியிட்டார். மறதி முதல் சில மணி நேரத்தில்தான் மளமளவென்று நடக்கிறது, பிறகு மெதுவாகிறது என்பது அவர் கண்டது. ஒரே நாளில் பத்துத் தடவை படிப்பதைவிட அதைப் பல நாட்களுக்குப் பரப்பிப் படித்தால் நிலைக்கும் என்பதும் அங்கிருந்து கிடைத்த பாடம்.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய சோதனை ஒன்றை 2006-இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். கல்லூரி மாணவர்களில் ஒரு குழு ஒரு பகுதியை நாலு தடவை படித்தது. இன்னொரு குழு ஒரே தடவை படித்துவிட்டு, மூன்று தடவை புத்தகத்தைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது படித்த குழு 83 சதவீதமும் எழுதிய குழு 71 சதவீதமும் நினைவில் வைத்திருந்தன. ஒரு வாரம் கழித்துக் கேட்டால் கதை தலைகீழ். படித்த குழுவிடம் 40 சதவீதம்தான் மிஞ்சியது. எழுதிய குழுவிடம் 61.

எனக்கு இதில் மிக முக்கியமாகப் படுவது அந்த ஐந்து நிமிடக் கணக்கு. திரும்பத் திரும்பப் படித்தவர்கள் அப்போதைக்கு முன்னால் இருந்தார்கள். வரிகள் கண்ணுக்குப் பழகிப்போனதால் தெரிந்த மாதிரி இருந்திருக்கும். வீடியோ முடிந்ததும் வந்த "புரிஞ்சிடுச்சு" இந்த வகைதான். பிள்ளை பொய் சொல்லவில்லை. அந்த நிமிடத்தில் உண்மையாகவே அப்படித்தான் தோன்றும். அதனால் வீடியோ பார்க்கும் பிள்ளைக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: பாதியில் நிறுத்து, மூடி வை, இதுவரை என்ன சொன்னார்கள் என்று எனக்குச் சொல்.

இதற்கு மின்சாரமே தேவையில்லாத ஒரு கருவியும் உண்டு. 1970-களில் ஜெர்மனியில் லைட்னர் என்பவர் பரப்பிய அட்டைப்பெட்டி முறை அது. ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் விடை எழுதிய அட்டைகள், சில அறைகள் உள்ள ஒரு பெட்டி. சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்குப் போகும், அதைச் சில நாள் கழித்துத்தான் மறுபடி எடுப்போம். தவறிய அட்டை முதல் அறைக்கே திரும்பும். ஆங்கி போன்ற செயலிகள் செய்வது இதே வேலைதான், எந்த அட்டையை எந்த நாளில் எடுப்பது என்ற கணக்கை மட்டும் கணினி பார்த்துக்கொள்கிறது. மருத்துவ மாணவர்கள் பலர் இதை விரும்பிப் பயன்படுத்துகிறார்கள்.

நினைவு பற்றி இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். புதிய விஷயங்களை ஒரே நேரத்தில் கையாள மனதில் இருக்கும் இடம் மிகக் குறுகியது, சில துண்டுகளுக்கு மேல் அதில் தங்காது. ஆஸ்திரேலியாவின் ஜான் ஸ்வெல்லர் 1980-களில் இதிலிருந்து 'அறிதல் சுமை' என்ற கருத்தை வளர்த்தார். பின்னணி இசை, ஓரத்தில் குதிக்கும் பொம்மை, பேசுகிற அதே வாக்கியம் திரையிலும் நீளமாக ஓடுவது எல்லாமே அந்தக் குறுகிய இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். பாடத்துக்கு இடம் குறையும். பகட்டில்லாத வீடியோ பல நேரங்களில் நல்ல வீடியோ.

சரி, சர்க்கரைக்கு வருவோம். சுவிட்சர்லாந்து உளவியலாளர் ஜான் பியாஜே குழந்தைகளோடு பல்லாண்டு பேசிப் பேசிக் கண்டது இது: குழந்தையின் மனம் வெறும் பாத்திரம் இல்லை, நாம் ஊற்றியதெல்லாம் அப்படியே நிறைவதற்கு. அதற்குள் ஏற்கனவே ஒரு உலகம் இருக்கிறது, புதிதாக வருவதை அந்த உலகத்தோடு பொருத்திப் பார்த்துத்தான் அது அறிவைக் கட்டுகிறது. பொருந்தாதபோது தடுமாறி, பழையதை மாற்றிக்கொள்கிறது. 'நாலு மூன்றைவிடப் பெரியது' என்பது அவன் உலகத்தில் உண்மை, அதை வைத்துத்தான் பின்னத்தையும் பார்த்தான். கால் கிலோ, அரை கிலோவும் அவன் உலகத்தில் உண்மை. இரண்டும் மோதிய இடத்தில்தான் பாதி வாக்கியத்தில் நின்றான். அந்த மௌனம்தான் கற்றல் நடக்கும் நேரம். அரை, கால், முக்கால், அரைக்கால் என்று பின்னத்துக்குத் தனித்தனிப் பெயர் வைத்துக் கடைத்தெருவில் புழங்கும் மொழி நம்முடையது. பாடம் அந்தக் கடைத்தெருவிலிருந்து தொடங்கலாமே என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

பியாஜேயோடு ஜெனீவாவில் வேலை பார்த்துவிட்டு அமெரிக்காவின் எம்ஐடி என்ற தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்குப் போனவர் சீமூர் பேப்பர்ட். குழந்தை அறிவைக் கட்டுகிறது என்றால், கட்டுவதற்கு நல்ல பொருள் வேண்டும், கணினி அப்படி ஒரு பொருளாகலாம் என்றார். 1967-இல் அவரும் சகாக்களும் கணினிக்குக் கட்டளை எழுத லோகோ என்ற நிரல்மொழியை உருவாக்கினார்கள். பின்னாளில் அதில் ஓர் ஆமை வந்தது. 'முன்னே 100' என்றால் அது கோடு போட்டுக்கொண்டே போகும். 'வலப்பக்கம் 90' என்றால் திரும்பும். இப்போது பைத்தான் என்ற நிரல்மொழியிலும் அந்த ஆமை இருக்கிறது.

அண்ணன் மகனுக்கு அதைக் காட்டினேன். சதுரம் சுலபமாக வந்துவிட்டது: முன்னே 100, வலப்பக்கம் 90, இதை நாலு தடவை. அடுத்து சமபக்க முக்கோணம். மூலை ஒவ்வொன்றும் 60 டிகிரி என்று எங்கோ கேட்டு வைத்திருந்தான். முன்னே 100, வலப்பக்கம் 60, மூன்று தடவை. ஆமை போய் எங்கோ நின்றது. முக்கோணம் மூடவே இல்லை, அறுகோணத்தில் பாதி மாதிரி திறந்து கிடந்தது. "ஆமை தப்பாப் போகுது" என்றான். நான் விடை சொல்லவில்லை. ஹாலில் தரை ஓடுகளின் மேல் சாக்பீஸால் ஒரு முக்கோணம் போட்டு, "நீயே ஆமையா நட" என்றேன். முதல் மூலைக்கு வந்து திரும்பும்போது உடம்பு எவ்வளவு சுழல்கிறது என்பது அவனுக்கே தெரிந்தது. சதுரத்தில் திரும்பியதைவிட அதிகமாகத் திரும்ப வேண்டியிருந்தது. மூன்று மூலையும் முடித்து நின்றபோது, கிளம்பிய திசையையே பார்த்து நின்றான். "ஒரு முழுச் சுத்து சுத்திட்டேன் சித்தப்பா. 360-ஐ மூணால வகுத்தா 120." ஓடிப்போய்த் தட்டினான். முக்கோணம் மூடியது. அடுத்த நிமிடமே, "அப்போ அஞ்சு பக்கத்துக்கு 72-ஆ?"

ஆமை 'தப்பு' என்று சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். சொன்னதை அப்படியே செய்துகாட்டியது. எங்கே பிசகியது என்பது கோட்டிலேயே தெரிந்தது. சிவப்பு விளக்கால் கொடுக்க முடியாத தகவல் அது.

ஆனால் அங்கே சாக்பீஸோடு நானும் இருந்தேன். இந்த 'பக்கத்தில் ஆள் இருப்பது' பற்றி யோசித்தவர் சோவியத் உளவியலாளர் லெவ் வைகோட்ஸ்கி. 1934-இல், 37 வயதிலேயே காசநோயில் இறந்துபோனவர். குழந்தை தானாகச் செய்யக்கூடியது ஒரு வட்டம், யார் உதவினாலும் இப்போதைக்கு முடியாதது இன்னொரு எல்லை. இரண்டுக்கும் நடுவில், கொஞ்சம் கைகொடுத்தால் எட்டக்கூடிய தூரம் ஒன்று உண்டு. கற்றல் அங்கேதான் நடக்கிறது என்றார். அந்த உதவிக்குப் பின்னால் வந்தவர்கள் வைத்த பெயர் கட்டட வேலையில் நாம் சொல்லும் 'சாரம்'. சுவர் எழும்பும்வரை சாரம் வேண்டும், எழுந்ததும் பிரித்துவிட வேண்டும்.

நம் திண்ணைப் பள்ளிகளில் இதன் ஒரு வடிவம் இருந்தது. மணலில் விரலால் எழுதிப் பழகுவார்கள், தப்பினால் கையால் தடவி அழித்துவிட்டு மறுபடி எழுதலாம். முன்னே போன பிள்ளை சட்டாம்பிள்ளையாகி மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பான். அங்கே பிரம்படியும் இருந்தது, யாரைச் சேர்ப்பது என்பதைச் சாதி தீர்மானித்தது; அதையெல்லாம் மறந்துவிட்டுப் போற்ற முடியாது. ஆனால் மணலையும் சட்டாம்பிள்ளையையும் பார்த்த ஒரு ஸ்காட்லாந்துக்காரர் சும்மா இருக்கவில்லை. எழும்பூரில் ராணுவத்தினரின் பிள்ளைகளுக்கான ஆதரவற்றோர் இல்லத்தைப் பொறுப்பேற்று நடத்திய ஆண்ட்ரூ பெல், தன் பள்ளியில் மணல் எழுத்தையும் பிள்ளைகளே பிள்ளைகளுக்குக் கற்பிப்பதையும் கொண்டுவந்தார். 1797-இல் அதைப் பற்றி லண்டனில் எழுதி வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரிலேயே அது பிரிட்டன் முழுக்கப் பரவியது.

அப்படியானால் கருவிக்கென்று ஒரு சக்தி இருக்கிறதா? 1983-இல் ரிச்சர்ட் கிளார்க் என்ற ஆய்வாளர் இல்லை என்றே எழுதினார். மளிகைச் சாமான் கொண்டுவரும் லாரியால் நம் உடம்பு தேறுவதில்லை, சாமானால்தான் தேறுகிறது. வானொலி, தொலைக்காட்சி, கணினி எல்லாம் லாரிதான் என்பது அவர் வாதம். அவரோடு மோதியவர்களும் உண்டு. எனக்குத் தோன்றுவது: பெரும்பாலான நேரங்களில் கிளார்க் சொன்னது சரி. ஆனால் அந்த ஆமை லாரி இல்லை. திரும்பும் கோணத்தை உடனுக்குடன் கோடாக வரைந்துகாட்டுவதைக் கரும்பலகையில் அப்படிச் செய்ய முடியாது.

கருவியை மட்டும் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்குப் பெரு நாடு ஒரு சாட்சி. குழந்தைக்கு ஒரு லேப்டாப் என்ற உலகத் திட்டம் பேப்பர்ட்டின் கருத்துகளில் ஊறியது. பெரு அரசு 8 லட்சத்துக்கும் அதிகமான லேப்டாப்களை வாங்கியது. 319 கிராமப்புறப் பள்ளிகளை வைத்துச் செய்த ஆய்வு 2012-இல் வெளிவந்தது. கணக்கிலும் மொழிப்பாடத்திலும் முன்னேற்றம் எதுவும் தெரியவில்லை. பேப்பர்ட்டின் எண்ணத்தில் பெட்டி மட்டும் இல்லை, பெட்டியைச் சுற்றி நடக்கும் பேச்சும் வேலையும் இருந்தன. பெட்டிகள்தான் போய்ச் சேர்ந்தன.

டெல்லியில் வேறு மாதிரி நடந்தது. மைண்ட்ஸ்பார்க் என்ற மென்பொருளை அரசுப் பள்ளி மாணவர்களிடம் சோதித்தார்கள். பலர் தங்கள் வகுப்புக்குப் பல ஆண்டு பின்தங்கியிருந்தார்கள். எட்டாம் வகுப்பில் இருக்கும் பிள்ளைக்கு நாலாம் வகுப்புக் கணக்கே தடுமாற்றம் என்றால், எட்டாம் வகுப்புப் பாடம் அவனுக்கு எட்டாத தூரம். மென்பொருள் ஒவ்வொருவரும் எங்கே நிற்கிறார் என்று பார்த்து அங்கிருந்து தொடங்கியது. நாலரை மாதத்தில் கணக்கிலும் இந்தியிலும் நல்ல முன்னேற்றம். ஆனால் அந்த மையங்களில் 45 நிமிடம் கணினி, 45 நிமிடம் சின்னக் குழுவாக ஓர் ஆளோடு படிப்பு என்று இரண்டும் சேர்ந்தே நடந்தன.

கொரோனா காலத்தில் தமிழ்நாட்டில் கல்வித் தொலைக்காட்சி வீட்டுக்குள் பாடம் கொண்டுவந்தது, வேறு வழியே இல்லாத நாட்களில் அது பெரிய துணை. ஆனால் தொலைக்காட்சிக்குப் பிள்ளையின் முகம் தெரியாது. 2021-இன் இறுதியில் வந்த இல்லம் தேடிக் கல்வியில் தன்னார்வலர்கள், பெரும்பாலும் அதே தெருவின் பெண்கள், சாயங்காலம் ஒன்றரை மணி நேரம் பிள்ளைகளைக் கூட்டிவைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். பள்ளிகள் திறந்த ஆறு மாதத்துக்குள் கற்றல் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு ஈடானது என்றும், அதில் ஏறக்குறைய கால் பங்கு இந்தத் திட்டத்தால் என்றும் ஆய்வு சொல்கிறது.

இப்போது எல்லார் வீட்டுக்கும் செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது. துருக்கியில் ஏறக்குறைய 1,000 உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் ஜிபிடி-4 என்ற செயற்கை நுண்ணறிவைக் கொடுத்துக் கணக்குப் பயிற்சியில் சோதித்தார்கள். கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லும் சாதாரண வடிவத்தை வைத்திருந்தவர்கள் பயிற்சியில் கருவி இல்லாதவர்களைவிட 48 சதவீதம் அதிகம் எடுத்தார்கள். கருவியை வாங்கிக்கொண்டு தேர்வு வைத்தபோது, கருவியே பார்க்காதவர்களைவிட 17 சதவீதம் கீழே போனார்கள். விடையைச் சொல்லாமல் குறிப்பு மட்டும் கொடுக்கும்படி அமைத்த இன்னொரு வடிவத்தைப் பயன்படுத்தியவர்களுக்கு அந்தச் சரிவு ஏற்படவில்லை. ஒரே இயந்திரம்தான். ஒன்று சுவரைத் தானே கட்டிக்கொடுத்தது, இன்னொன்று சாரமாக நின்றது.

இதைப் படித்த பிறகு அண்ணன் மகன் வந்தபோது, டேப்லெட்டில் நான் முதலில் தட்டி வைத்தது இது: "இவனுக்கு வயது பதினொன்று. விடையைச் சொல்லாதே. முதலில் அவன் என்ன நினைக்கிறான் என்று கேள். தப்பினால் கடைச் சாமானையோ தாளையோ வைத்து ஒரு கேள்வி கேள்." அப்புறம் அவனிடம் கொடுத்து, மூன்றில் இரண்டா, நாலில் மூன்றா, எது பெரியது என்று அதனிடம் பேசிப் பார்க்கச் சொன்னேன். கொஞ்ச நேரம் தட்டினான். ஒரு கேள்வி திரும்பி வந்தது: இரண்டிலும் முழுதாக வேண்டும் என்றால் இன்னும் எவ்வளவு வேண்டும்? அதைப் பார்த்ததும் டேப்லெட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு, நோட்டிலிருந்து இரண்டு தாள்களைக் கிழித்தான். ஒன்றை மூன்றாக, ஒன்றை நாலாக மடித்து, இரண்டிலும் ஒரு துண்டைப் பின்னால் மறைத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான்.

"ரெண்டுலயும் ஒரே ஒரு துண்டுதான் குறையுது சித்தப்பா. ஆனா இதுல குறையுறது சின்னத் துண்டு" என்று நாலில் மூன்றைத் தூக்கிக் காட்டினான்.